பதினொரு மணிப் பட்டியல்

அலுவலகத்தில் எல்லோரும் எழுதும் மென்பொருள் நிரல்கள் சேர்ந்திருக்கும் சர்வருக்கு அவன்தான் பொறுப்பு. அதில் மூச்சுவிட இடமில்லை. ஒவ்வொருவரும் தன் வேலைக்கென்று அதில் பிரித்து வைத்திருக்கும் தனிப் பிரதிதான் பிராஞ்ச்; மூன்று மாதமாக யாரும் தொடாத பிராஞ்ச்களை அழித்துவிடச் சொன்னார் மேலாளர். காலை பதினொரு மணிக்குப் பட்டியல் எடுத்தான், நூற்றுப் பதினேழு. சாப்பிட்டு வந்து, இரண்டு மணிக்கு, அதே பட்டியலை வைத்து அழித்தான். மிச்சம் மீதி தங்காதபடி குப்பையையும் துடைத்தான்.

இடையில், பன்னிரண்டரைக்கு, அக்கா அந்தப் பட்டியலிலிருந்த தன் பழைய பிராஞ்சில் புது வேலையை ஏற்றியிருந்தாள். வயதில் மூத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் அக்கா. கணவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்த மூன்று வாரமும் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து எழுதியது அது. ஏற்றிய கையோடு பழுதான லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தாள். அதையும் அன்றே சுத்தமாக அழித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அவன் மேசைக்கு வந்தாள். "தம்பி, என் பிராஞ்சையே காணோம். நான்தான் சரியா ஏத்தலையோ?"

சர்வரின் பதிவைத் திறந்தான். பன்னிரண்டு முப்பத்திரண்டு, அவள் பெயர். அவன் பட்டியல் எடுத்தது பதினொன்றுக்கு. "பாக்குறேன்க்கா" என்றான். பதிவை மூடிவிட்டான்.

அன்று முழுக்க அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம், "புத்தி எங்கயோ இருந்துச்சு, என் தப்புதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் திரையைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டான். சாயங்காலம் அவள் பையை மாட்டிக்கொண்டு லிஃப்டுக்கு நின்றபோது ஓடிப்போனான்.

"அக்கா, நீங்க சரியாத்தான் ஏத்துனீங்க. நான்தான் அழிச்சேன். பட்டியல் எடுத்ததுக்கப்புறம் மறுபடி பாக்கல."

லிஃப்ட் வந்தது, கதவு திறந்து மூடிக்கொண்டது.

"காலையிலயே தெரியுமா?"

"தெரியும்."

"அழிச்சதுகூடப் பரவால்ல. நாள் பூரா என்னையே திட்டிக்கிட்டிருந்தேன். பாத்துக்கிட்டு உக்காந்திருந்தியே." படிக்கட்டில் இறங்கிப் போனாள்.

மேலாளரிடமும் ஒப்புக்கொண்டான். பட்டியலைப் பார்த்து அழிக்கும் ஸ்கிரிப்டை மாற்றினான்: பிராஞ்சின் கடைசி மாற்றம் பட்டியலில் பார்த்ததுதானா என்று, அழிக்கும் அந்த நொடியில் சர்வரே ஒப்பிடும், வேறாக இருந்தால் தொடாது. அழித்தவையும் ஒரு மாதம் ஓரமாகக் கிடக்கும். அக்கா நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இருவரும் ஒன்பது நாளில் திரும்ப எழுதினார்கள். பழசைவிட மோசமில்லை என்று சிரிக்கக்கூடச் செய்தாள்.

ஆனாலும் இன்றுவரை எதை ஏற்றினாலும் எழுந்து வந்து கேட்கிறாள்: "தம்பி, வந்து சேர்ந்துச்சா?"

கேலியில்லை அது. "வந்துடுச்சுக்கா" என்கிறான். தன் கண்ணால் திரையில் பார்த்த பிறகுதான் போகிறாள்.