வாத்துக்கு வைத்த விஷம்

இசக்கியம்மாளுக்கு வாய் நீளம் என்பது எட்டயபுரம் ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கை நீளம் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. விஷம் வைக்கிறவள் என்று எதிரிகூடச் சொன்னதில்லை. அதையும் சொல்லிவிட்டார்கள், போயும் போயும் ஒரு வாத்துக்காக.

வாத்து அடுத்த வீட்டு மதலேனம்மாளுடையது. மகள் ஆஸ்லின் கல்யாணமாகிப் புதியம்புத்தூர் போனபிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று, போன வருஷம் ஈஸ்டர் சமயத்தில் கயத்தாற்றில் லாரிக்காரன் ஒருவனிடம் குஞ்சாக வாங்கி வந்தாள். மோசே என்று பேர் வைத்தாள். வேதத்தில் வருகிற மோசேயை ஆற்றிலிருந்து எடுத்தார்களாம். இந்த மோசே கண்ட ஆறு ஒரு தேங்காய்ச் சிரட்டை. குடிதண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வருகிற தெருவில் வாத்துக்குக் குளமா வெட்ட முடியும்? மழைக்காலத்தில் தெருப்பள்ளத்தில் தேங்கியதில் அதுவாக அளைந்துகொண்டது. மற்றபடி கோழி எப்படி வளருமோ அப்படித்தான் வளர்ந்தது. இந்தக் கரிசலில் வாத்து வளர்த்தவர் யார் இருக்கிறார்கள், கேட்டுத் தெரிந்துகொள்ள?

சித்திரை வெயிலில் அது நோயில் விழுந்தது. முதலில் கண்ணோரத்தில் நுரை தள்ளியது. பிறகு கண்ணிரண்டும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டன. மூக்கடைத்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்கியது. கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போனாள். டாக்டர் லீவு. இருந்த ஆள் கோழிக்குப் போடுகிற சொட்டு மருந்தைக் கொடுத்தனுப்பினார். மருந்து தீர்ந்தது, கண் திறக்கவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசினாள். சபையில் ஜெபம் செய்தார்கள். என்ன நோய் என்று மட்டும் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

காரணம் கிடைக்காவிட்டால் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? ஆளைத் தேடுவார்கள். ஆள் பக்கத்து வீட்டிலேயே இருந்தாள்.

கொஞ்ச நாள் முன்பு இசக்கி முற்றத்தில் கூழ்வற்றல் பிழிந்து காயப்போட்டிருந்தாள். மோசே வேலிப் பொத்தல் வழியாக நுழைந்து அதன்மேல் திருநெல்வேலிக்கும் கோவில்பட்டிக்குமாக நடந்துவிட்டது. விடிந்ததிலிருந்து குனிந்து பிழிந்தவளுக்கு வயிறு எரியாதா? தெருவே கேட்கக் கத்தினாள்.

"ஏலே மோசே! ஒருநா இல்லாட்டி ஒருநா ஒன்னய உண்டு இல்லைன்னு ஆக்காம விடமாட்டேன், பாத்துக்க!"

அது போதாதா? குழாயடி சொர்ணத்தாய் தொடங்கிவைத்தாள். "தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பாக்குறவ. அவளுக்கு மருந்துக்கா பஞ்சம்?"

தீப்பெட்டி ஆபீஸில் இசக்கி பார்ப்பது லேபிள் ஒட்டுகிற வேலை. குச்சி மருந்து கலக்குகிற கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அதெல்லாம் யாருக்கு வேண்டும்? பேச்சு அவளுக்கு முன்னால் ஆபீஸுக்குப் போய் உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷமாக அவள் தூக்குவாளியைத் திறந்தால் நாலு கை நீளும், இசக்கி வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு அப்படி ஒரு பேர். அன்றைக்கு ஒரு கை நீளவில்லை. "வயிறு சரியில்லக்கா" என்றாள் ஒருத்தி. "விரதம்" என்றாள் இன்னொருத்தி. வியாழக்கிழமையில் என்ன விரதம்? மிஞ்சிய குழம்பைத் திருப்பிக் கொண்டுவந்து, ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டிக்குப் பக்கத்தில் கொட்டினாள். புருஷன் செத்தபோதுகூட அவள் இப்படித் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

வேலியோரம் போய் நின்று கேட்டாள். "ஏட்டி மதலேன, நானா வெசம் வச்சேன்? என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

மதலேனம்மாள் மூஞ்சியைப் பார்க்கவில்லை. "நான் ஒண்ணுஞ் சொல்லலக்கா. ஊரு சொல்லுது."

"ஊருக்கு வாய் வாடகைக்கு விட்டது யாரு?"

கதவு சாத்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை மதலேனம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். இசக்கி ஆட்டுத் தொட்டியைக் கழுவி, சேர்த்துவைத்திருந்த தண்ணீரைக் குடத்தோடு சாய்த்தாள். அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், வேலிப் பொத்தலில் சரசரவென்று ஒரு ஓசை. கண் தெரியாத மோசே முட்டி மோதி, விழுந்து எழுந்து, நேராகத் தொட்டிக்கு வந்தது.

"சவத்து மூதி, ஒன்னாலதானே எனக்கு இந்தப் பாடு!" என்று விளக்குமாற்றை ஓங்கினாள்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. வாத்து குடிக்கவில்லை. தலையைக் கழுத்துவரை தண்ணீருக்குள் முக்கியது. எடுத்து உதறியது. மறுபடி முக்கியது. மூக்கிலிருந்து கெட்டிச் சளி வந்து விழுந்தது. முக்கியது, உதறியது, கண்ணைத் தோளில் தேய்த்தது. பீளை ஊறிக் கழன்றது. அரைமணி நேரம் போலப் பைத்தியம் பிடித்தது மாதிரி அதையே செய்தது. கடைசியில் ஒரு கண் திறந்து அவளைப் பார்த்தது.

இசக்கிக்குப் புரிந்துவிட்டது. விஷமும் இல்லை, கண்ணேறும் இல்லை. இது தலை முழுகிக் கண்ணையும் மூக்கையும் கழுவிக்கொள்கிற ஜீவன். சிரட்டைத் தண்ணீரில் அலகைத்தான் நனைக்கலாம். இவ்வளவுதான் விஷயம். இதற்காகவா தன் கைச் சோற்றை நாயும் தொடாதபடி ஆக்கினார்கள்? சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு இரட்டிப்பாகக் கோபம் வந்தது.

கோயில் விட்டு ஜனங்கள் தெருவுக்குள் வருகிற நேரம் பார்த்து, ஒரு அகலச் சட்டி நிறையத் தண்ணீரோடு மதலேனம்மாள் வாசலில் போய் உட்கார்ந்தாள். வாத்து மடியில் இருந்தது.

"எல்லாரும் வாங்க! இசக்கி வச்ச வெசத்தப் பாருங்க!" என்று சத்தம் போட்டு, வாத்தைச் சட்டிக்குள் இறக்கினாள். "தல முக்கத் தண்ணி இல்லாம கெடந்துருக்குட்டி ஒன் மோசே. பாரு. நல்லாக் கண்ணத் தொறந்து பாரு."

மோசே எல்லோர் முன்னாலும் முக்கி முக்கி உதறியது. மதலேனம்மாளின் வெள்ளைச் சேலையெல்லாம் தண்ணீர். அவள் வாயில் கை வைத்துக்கொண்டு அழுதாள். அந்த வாரமே இரண்டாவது கண்ணும் திறந்தது. இறகு பளபளத்தது. வாத்து இரைக்குக் கத்திச் சண்டை போட ஆரம்பித்தது.

பேர் மீண்டுவிட்டது என்று இசக்கி நினைத்தாள். தண்ணீர் வந்த அன்றைக்குக் குடத்தோடு நிமிர்ந்து நடந்து குழாயடிக்குப் போனாள்.

சொர்ணத்தாய் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள். "ஆஸ்பத்திரிக்கே புரியாத நோவு இவளுக்கு மட்டும் எப்படிப் புரிஞ்சுதாம்? வெசம் வச்சவளுக்குத்தானே முறிவு தெரியும்."

வரிசையில் நாலைந்து தலைகள் ஆடின. இசக்கி அவர்களைப் பார்க்கவில்லை, மதலேனம்மாளைப் பார்த்தாள். கண்ணால் கண்டவள், வாசலில் நின்று அழுதவள் அவள்தானே. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மதலேனம்மாள் குடத்தை வைத்துவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நடிப்பு இல்லை, நிஜமாகவே கண் கலங்கியிருந்தது.

"விடுங்கக்கா. நீங்க வச்சிருந்தாலும் சரி, வைக்காட்டியும் சரி. எம் மோசே பொழச்சிட்டான். நான் ஒங்கள மனசார மன்னிச்சிட்டேன்."

"என்ன மனசு பாரு!" என்றாள் வரிசையில் ஒருத்தி.

இசக்கி கையை உதறினாள். "என்னட்டி மன்னிச்ச? நான் என்ன செஞ்சேன்னு மன்னிச்ச? அதச் சொல்லு மொதல்ல. சொல்லிட்டு மன்னி!"

தொண்டை கிழியக் கத்தினாள். "நல்லது சொன்னாலும் இவளுக்குக் கோவம்தான்" என்று முணுமுணுத்துக்கொண்டே சொர்ணத்தாய் தன் குடத்தை முன்னால் நகர்த்தினாள். விஷம் வைத்தாள் என்று சொல்லிக்கொண்டிருந்தவரைக்கும் இல்லை என்று சண்டை போட இசக்கிக்கு ஒரு வழி இருந்தது. இப்போது மன்னித்துவிட்டார்கள். இனி யாரிடம் போய் இல்லை என்பாள்?