வெள்ளையடித்த வளைவு

“என்னங்க, உங்க தம்பிகிட்ட கேளுங்க. டிராக்குக்கு வெள்ளையடிக்கச் சொன்ன புத்திசாலி யாருன்னு.”

“அண்ணே, அண்ணிகிட்ட சொல்லுங்க. அந்தப் புத்திசாலி நான்தான்னு.”

இருவருக்கும் இடையில் இரண்டு முழ தூரம்கூட இல்லை. இருந்தும் ஒரு மாதமாக இப்படித்தான். நடுவில் நின்ற அண்ணன் தோல் கையுறையை மாட்டிக்கொண்டே, “ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே கேக்குது? நான் என்ன தபால்காரனா?” என்று அலுத்துக்கொண்டார்.

மத்தளத்தின் கருத்தை அடிப்பவர்கள் கேட்பதில்லை.

அவர்கள் நின்றிருந்தது தொண்ணூறு வயதான கார்ப் பந்தயத் தடத்தில். பெரிய பந்தயங்கள் எல்லாம் புதிய ஊர்களுக்கும் புதிய தடங்களுக்கும் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இங்கே மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று: சுவர் போல எழும்பி நிற்கும் சாய்வளைவு. மூன்று மாடி உயரம். அதன் மேல்விளிம்பில் காரை ஓட்டினால் ஒரு பக்கம் வானம், மறுபக்கம் பாதாளம். வேகம் மணிக்கு நூறு கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் கார் சறுக்கிக்கொண்டு கீழே வந்துவிடும். மெதுவாகப் போய்ப் பார்ப்போம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

அந்த வளைவைக் காக்கும் வேலை அண்ணியுடையது. டிராக் கண்காணிப்பாளர் என்பது பதவியின் பெயர். எல்லோரும் கூப்பிடுவது ‘சுத்தியல்’ என்று. ஐந்தடிக் கம்பின் நுனியில் மாட்டிய சுத்தியலோடு, இடுப்பில் கயிறு கட்டி ஏறி, திங்கள்கிழமை காலைதோறும் வளைவின் முந்நூற்றுச் சொச்சம் கான்கிரீட் பலகைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பாள். கணீர் என்றால் நல்ல பலகை. பொத் என்றால் அடியில் மண் கரைந்து வயிறு காலியாகிவிட்டது என்று அர்த்தம். அதன் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி போடுவாள். ஓட்டுநர்கள் அந்தக் குறியைக் கண்டால் விலகிப் போவார்கள். பதினெட்டு வருடமாக இதுதான் நடைமுறை. நோட்டில் எழுதிவைக்க யாருக்கும் தோன்றியதில்லை. குறிதான் கண்ணெதிரே தரையிலேயே இருக்கிறதே, எதற்கு நோட்டு?

இப்போது அந்தக் குறி ஒன்றுகூட இல்லை. வளைவு முழுக்கப் பால் வெள்ளை. மேல்வரிசையில் ஆள் உயரத்துக்குப் பழைய பந்தய வருடங்கள் நீல எண்களில் மின்னின.

கொழுந்தன்தான் பார்வையாளர் பிரிவு மேலாளர். தடத்தை விலைக்கு வாங்க ஒரு முதலாளியம்மா முன்வந்திருந்தார். இப்போதே அவர் என்ன சொன்னாலும் மேலிடம் தலையாட்டியது. அவரை மயக்க இவன் மூன்று திட்டம் போட்டிருந்தான். வளைவுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் படம் காட்டும் கூடம். கொடிக்கோபுரத்தில் காபிக் கடை. மூன்றாவது, சவாரி. டிக்கெட் வாங்கியவரைப் பழைய இரட்டை இருக்கைக் காரில் உட்காரவைத்து, நீல எண்களின் மேலேயே ஒரு சுற்று. ஓட்டுவது அண்ணன். இன்று பத்து மணிக்கு முதல் சவாரி. முதல் பயணி முதலாளியம்மாவேதான்.

“குறி இருந்துச்சேன்னு கேளுங்க,” என்றாள் கணவரிடம்.

“போட்டோவுல அம்மை போட்ட மாதிரி இருந்துச்சு அண்ணே. யாரு பார்ப்பா அதை? அழகா பூசிட்டேன். ரப்பர் கலந்த பெயிண்ட். பத்து வருஷம் உரியாது.”

“நான் இல்லாத மூணு நாளுக்குள்ள!”

“யாரு இல்லாம போகச் சொன்னா?”

அது குத்தல். மூன்று நாள் கட்டாய விடுப்பில் அவளை அனுப்பியிருந்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. போன மாதம், கொழுந்தன் விளம்பரப் படம் எடுக்க ஆட்களைக் கூட்டி வந்த அன்று, அவள் கோபுரத்தில் சிவப்புக் கொடியை ஏற்றிவிட்டாள். சிவப்புக் கொடி ஏறினால் தடத்தில் சக்கரம் உருளக்கூடாது. அந்தக் கொடிப்பெட்டியின் சாவி அவளிடம் மட்டும்தான். தடத்தில் எண்ணெய் கொட்டியிருக்கிறது என்றாள். படமெடுக்க வந்தவர்கள் மூட்டை கட்டிப் போனார்கள். எண்ணெய் எங்கே என்று கொழுந்தன் தேடினான். ஒரு சொட்டும் இல்லை. துடைத்துவிட்டேன் என்றாள் அவள். அவனும் விடவில்லை, மேலிடத்தில் புகார் கொடுத்தான்.

எண்ணெய் கொட்டவே இல்லை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவளுடைய கோபுர அறையைக் காபிக் கடையாக்க அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள் அன்று. வயிற்றெரிச்சல் கையைக் கொடிக்கயிற்றுக்குக் கொண்டுபோய்விட்டது.

சுத்தியலை எடுத்துக்கொண்டு வளைவில் ஏறினாள். தட்டினாள். பொத். அடுத்தது. பொத். நன்றாக இருந்தது என்று சத்தியம் செய்யக்கூடிய பலகையைத் தட்டினாள். அதுவும் பொத். ரப்பர் பெயிண்ட் எல்லாவற்றின் வாயையும் அடைத்திருந்தது. போன திங்கள்கிழமைவரை இருபத்திரண்டு குறிகள். எது எங்கே? வெள்ளைக்கு நடுவில் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

ஒன்றே ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரியும். ‘பொக்கைவாய்’ என்று அவள் பெயர் வைத்த பலகை. மேல்வரிசையில், சுரங்கப்பாதைக்கு நேர் மேலே. குறி போட்டவற்றிலேயே மோசமானது. இப்போது அதன் மேல் கொட்டை எழுத்தில் ஒரு வருடம் எழுதி, கார் அதன் மேல்தான் போக வேண்டும் என்று அம்புக்குறியும் போட்டிருந்தார்கள்.

கீழே இறங்கி வந்து கணவரைத் தனியாக இழுத்தாள்.

“நீங்க வண்டிய எடுக்காதீங்க. பொக்கைவாய் தாங்காது.”

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு தணிந்த குரலில் கேட்டார். “ஏம்மா, என்கிட்ட மட்டும் சொல்லு. இது நெசமா? இல்ல, அவன்மேல இருக்கிற காட்டமா?”

அவளுக்குச் சுருக்கென்றது. இருபத்தாறு வருடம் ஒன்றாகக் குடித்தனம் நடத்தியவர் கேட்கிற கேள்வி. ஆனால் அவர்மேல் கோபப்பட அவளுக்கு வாய் இல்லை. போன மாதம் ஊரே சந்தேகப்பட்டபோது, ‘என் பொண்டாட்டி கொடி விஷயத்துல பொய் சொல்ல மாட்டா’ என்று தம்பியின் சட்டையைப் பிடித்தவர் அவர்தான்.

கோபுரத்துக்கு நடந்தாள். பெட்டியைத் திறந்தாள். சிவப்புக் கொடி ஏறியது.

ஒன்பதரைக்கே முதலாளியம்மா வந்துவிட்டார். ஐம்பத்தைந்து வயது, தட்டைச் செருப்பு, எதையும் எடை போட்டுப் பார்க்கும் கண். வேலையாட்கள் முப்பது பேரும் கூடிவிட்டார்கள்.

“கொடி எதுக்கு?” என்றார் வந்ததும்.

“நாடகம் மேடம்,” என்றான் கொழுந்தன். “போன மாசம் இல்லாத எண்ணெய். இந்த மாசம் இல்லாத ஓட்டை. அண்ணிக்கு அவங்க ரூம் போச்சுன்னு வருத்தம், அவ்வளவுதான்.”

“மேல ஒரு பலகை உள்ள காலியா இருக்கு மேடம்,” என்றாள் அவள். “நூறுல போற வண்டி அதுல ஏறினா உடையும். வண்டியில நீங்களும் இவரும் இருப்பீங்க.”

“தட்டிக் காட்டுங்களேன். நீங்க தட்டினா சத்தத்துலயே தெரியுமாமே?” என்றார் முதலாளியம்மா.

“பெயிண்ட்டால எல்லாம் ஒரே சத்தம்.”

“வசதிதான்!” என்று சிரித்தான் கொழுந்தன். கூட்டத்திலும் நாலைந்து பேர் சிரித்தார்கள்.

முதலாளியம்மா சிரிக்கவில்லை. “நான் மூணு ஓட்டலும் ஒரு படகுத்துறையும் நடத்துறவ. எங்கிட்ட வேலை பார்க்கிறவங்க சொல்ற பொய்யைத் தினம் பார்க்கிறேன். ஒரே ஒரு கேள்வி. போன மாசம் எண்ணெய் இருந்துச்சா?”

முப்பது ஜோடிக் கண்கள். அதில் ஒரு ஜோடி கணவருடையது. இருந்தது என்று சொன்னால் பழைய பொய்யைக் காப்பாற்றலாம். ஆனால் பொய்யைப் பிடித்துக்கொண்டு நிற்பவள் வாயிலிருந்து இன்றைக்கு எது வந்தாலும் செல்லாது. அதை அந்த அம்மாவின் கண்ணிலேயே படித்துவிட்டாள்.

“இல்ல மேடம். பொய் சொன்னேன். வயித்தெரிச்சல்ல ஏத்தினேன்.”

கணவர் ஒரு கையுறையைக் கழற்றினார். அவளைப் பார்க்கவில்லை.

“பார்த்தீங்களா!” என்று துள்ளினான் கொழுந்தன். “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சாங்க!”

அவள் அவன் பக்கம் திரும்பினாள். ஒரு மாதத்தில் முதல் முறையாக நேருக்கு நேர். “மறைச்சேன். வாங்கிக் கட்டிக்கிறேன். ஆனா உங்க அண்ணன் உசுருடா அது. எனக்கு இருபது நிமிஷமும் தண்ணி லாரியும் குடு.”

‘டா’ கேட்டு அவன் ஓரடி பின்வாங்கினான். முதலாளியம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்து, “இருபது நிமிஷம்,” என்றார்.

கொடிக்காரர், அவளுடைய ஒரே உதவியாள், லாரியை வளைவின் அடிக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். “அக்கா, குழாய் மேல் வரைக்கும் எட்டும். ஏறுங்க,” என்றார்.

முதலில் எல்லோர் கண்ணெதிரே கீழ்வரிசையில் ஒரு நல்ல பலகை. விளிம்பில் இருந்த பெயிண்டைக் கத்தியால் ஒரு சாண் சுரண்டி, இடுக்கில் குழாயை வைத்தாள். தண்ணீர் இடுக்கை நிரப்பிக்கொண்டு சரிவில் வழிந்து முதலாளியம்மாவின் செருப்பைத் தொட்டது. “இது வயிறு நிறைஞ்ச பலகை மேடம். ஒரு வாய் கூட குடிக்காது,” என்றாள்.

பிறகு சுரங்கப்பாதைக்கு நேர் மேலே ஏறி, மேல்வரிசையில் நீல எண்ணின் விளிம்பைச் சுரண்டினாள். குழாயை வைத்தாள்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கீழே நின்றவர்கள் தண்ணீர் வழியும் என்று கால்களை நகர்த்திக்கொண்டு காத்திருந்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை. லாரியின் தொட்டியில் மட்டம் இறங்கிக்கொண்டே போனது.

“குடிக்குதுய்யா!” என்றார் யாரோ.

“வெளியூர் கல்யாணத்துக்குப் போன மாமா மாதிரி இல்ல குடிக்குது!”

அப்போது சுரங்கப்பாதையிலிருந்து டிக்கெட் கொடுக்கும் பெண் தலையெல்லாம் சேறாக ஓடி வந்தாள். “சார், கூரை ஒழுகுது! திரை, புரொஜக்டர் எல்லாம் போச்சு சார்!”

கொழுந்தன் தலையில் கை வைத்தான். மறுகணமே சுதாரித்துக்கொண்டான். “மேடம், இவங்கதான் தண்ணி ஊத்திக் கெடுத்தாங்க! நல்லா இருந்ததை ஓட்டையாக்கிட்டு...”

அவன் முடிக்கவில்லை. பொக்கைவாயின் ஒரு மூலை, யாரும் தொடாமலேயே, மளுக்கென்று ஒடிந்து உள்ளே விழுந்தது.

அவள் சுத்தியலைத் தலைகீழாகப் பிடித்து, கம்பை அந்தப் பொந்துக்குள் விட்டாள். கை முட்டும்வரை போனது. ஐந்தடியும் உள்ளே. எதுவும் தட்டுப்படவில்லை.

“பத்து நிமிஷத் தண்ணி அஞ்சடி பள்ளம் தோண்டுமான்னு கேளுங்க மேடம் அவன்கிட்ட.”

முதலாளியம்மா அந்தப் பொந்தை வெகு நேரம் அண்ணாந்து பார்த்தார். பிறகு பழைய காரின் காலி இருக்கையைப் பார்த்தார். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சவாரி கிடையாது,” என்றார். “பெயிண்ட் மொத்தமும் உரியணும். குறி எல்லாம் திரும்ப வரணும், இந்தத் தடவை நோட்டுலயும் ஏறணும். அதுக்கப்புறம்தான் வாங்குறதா வேண்டாமான்னு பேசுவேன்.” கொழுந்தன் பக்கம் திரும்பினார். “உன் சுரங்கப் படத்துக்கு ஒத்திகைன்னு அனுப்பினியே, ரெண்டு நிமிஷத்துல எனக்குக் கொட்டாவி வந்துச்சு. இவங்க தண்ணி ஊத்தினப்ப முப்பது பேர்ல ஒருத்தர் கண்ணைச் சிமிட்டல. ஜனங்க எதைப் பார்க்கக் காசு கொடுப்பாங்கன்னு இனிமேயாவது கத்துக்கோ.”

கீழே இறங்கி வந்த அவள் முகம் மலர்ந்தது. அது அரை நிமிடம்கூட நிலைக்கவில்லை.

“நீங்க சாவியைக் கொடிக்காரர்கிட்ட கொடுங்க,” என்றார் முதலாளியம்மா அவளிடம். “பொய்க்கொடி ஏத்தினவங்க கையில கொடிச்சாவி இருக்கக் கூடாது. இன்னிக்கு நீங்க சொன்னது உண்மையா இருந்தும் எவனும் நம்பல பாருங்க. அது உங்க வேலைதான்.”

பதினெட்டு வருடம் இடுப்பில் தொங்கிய சாவி. அவிழ்க்க நேரம் பிடித்தது. கொடிக்காரரின் கையில் அதை வைத்தபோது அவர் தலை நிமிராமலேயே, “மன்னிச்சிடுங்கக்கா,” என்றார்.

கூட்டம் கலைந்தது. கணவர் தலைக்கவசத்தைக் காரின் இருக்கையில் வீசினார்.

“என்னங்க...” என்று ஆரம்பித்தாள்.

“அண்ணே...” என்று அவனும் ஆரம்பித்தான்.

“வாயைத் திறக்காதீங்க ரெண்டு பேரும்! ஒருத்தி ஒரு மாசமா என்னைப் பொய்க்குச் சாட்சியா நிக்க வெச்சா. இன்னொருத்தன் வெள்ளையடிச்ச குழியில என்னை ஓட்டச் சொன்னான். தபால் ஆபீஸ் இன்னியோட மூடியாச்சு.” விறுவிறுவென்று நடந்து வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

வளைவின் அடியில் இருவர் மட்டும் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு சுரண்டியை எடுத்தான். முதல் பலகையின் வெள்ளையை உரிக்க அவனுக்கு அரை மணி பிடித்தது. உள்ளங்கை கொப்புளித்தது. பத்து வருடம் உரியாத பெயிண்டை வாங்கியவன் அவனேதான். அவள் அந்தக் கொப்புளத்தை ஆசை தீரப் பார்த்தாள்.

உரித்த பலகையைத் தட்டினாள். பொத் என்றது. சிவப்புக் குறி போட்டாள். புது நோட்டு அவன் பக்கம் கிடந்தது.

“எழுது,” என்றாள், வானத்தைப் பார்த்து.

“மரியாதையா சொன்னா எழுதுறேன்.”

“எழுதுங்க, துரை. கீழ்வரிசை, ஒண்ணாம் நம்பர். காலி.”

அவன் எழுதினான். மேலே இன்னும் முந்நூறு பலகை வெள்ளையாகப் பல்லிளித்துக்கொண்டிருந்தது.