பின்னால் சேர்ந்தவை

இஞ்சினியர் பெண் சிவப்பு சாக்பீஸால் சமையலறை ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டபோது, அண்ணி டீக் கோப்பைகளோடு நிலைப்படியில் நின்றுவிட்டாள். காலையிலிருந்து அது பதினேழாவது குறி.

அந்தப் பண்ணை வீட்டில் அவள் எல்லோருக்கும் அண்ணிதான். கொழுந்தன் கூப்பிட்டு ஆரம்பித்தது, பால்காரரிலிருந்து அருங்காட்சியகக் குழு அனுப்பிய இந்த இஞ்சினியர் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. வீட்டையும் தொழுவத்தையும் தானியக் கிடங்கையும் ஊர் வரலாறு சொல்லும் அருங்காட்சியகமாக்கிவிட வேண்டும் என்று மூன்று வருடம் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கியவர் கொழுந்தன்தான். ஓய்வுபெற்ற நில அளவையாளர். கையில் டேப் இருந்தால் சோறு தண்ணீர் வேண்டாம். அண்ணியும் சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டாள். இடித்து மனை போட்டு விற்பதைவிட, நாலு பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டுமே.

குழுவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. வீடு கட்டி முடித்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக வேண்டும். பின்னால் சேர்ந்தவை எல்லாம் போக வேண்டும். குளியலறை, சிமென்ட் தொட்டி, குழாய், வாஷ்பேசின் என்று குறி விழ விழத்தான் அண்ணிக்கு ஒரு விஷயம் உறைத்தது. பின்னால் சேர்ந்தவை அத்தனையும் அவள் கேட்டு, முகத்தைத் தூக்கி வைத்து, சில சமயம் பட்டினி கிடந்து வாங்கியவை. போகட்டும் என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தாள். வாஷ்பேசினுக்காக யாராவது அழுவார்களா? ஜன்னலுக்கு வந்தபோதுதான் மனசு இடம் கொடுக்கவில்லை.

“இது வேண்டாம்மா. இத மட்டும் விட்டுரு.”

“இதுவும் பின்னால வெச்சதுதான் அண்ணி. பாருங்க, கோணலா வேற இருக்கு. அடைச்சாதான் அந்தக் காலத்து சமையல்கட்டு எவ்வளவு இருட்டா இருந்துச்சுன்னு வர்றவங்களுக்குப் புரியும்.”

“இருட்டப் பாக்கறதுக்கு டிக்கெட்டா?”

இஞ்சினியர் சிரித்துவிட்டாள். கொழுந்தன் சிரிக்கவில்லை. வரைபடத்தில் ஒரு கோடு மாறினாலும் மறுபடி குழுவுக்குப் போக வேண்டும். ஒப்புதல் கடிதமோ நாளைக்கு வருவதாக இருந்தது.

“அண்ணி, இந்த ஒரு ஜன்னலுக்காக நான் முதல்லேர்ந்து அலையணுமா? கொஞ்சம் விட்டுக்குடுங்களேன்.”

கோணல் உண்மைதான். கல்யாணமாகி நாலாம் வருடம், மூத்தவள் வயிற்றில் இருந்தபோது அண்ணி இந்த இருட்டில் கால் இடறி விழுந்தாள். மாமனார் வெளியூர் போன நாளாகப் பார்த்து அவள் கணவர் கடப்பாரையைத் தூக்கினார். கொத்தனார் வேலைக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். திரும்பி வந்த மாமனார் ஆறு மாதம் மகனோடு பேசவில்லை. கணவர் போய் எட்டு வருடமாகிறது. அவர் அவளிடம் வாய்விட்டு ஒரு நல்ல வார்த்தை சொன்னதாக ஞாபகம் இல்லை. இந்தச் சுவரை உடைத்தார், அவ்வளவுதான்.

அண்ணி வாதாடவில்லை. கோப்பைகளை மேடையில் வைத்தாள். கதவைச் சாத்தினாள். ஜன்னல் கதவுகளையும் இழுத்துக் கொண்டியை மாட்டினாள்.

“தம்பி, உன் டீய எடுத்துக்கோ.”

கண்ணைக் குத்தினாலும் தெரியாத இருட்டு. கொழுந்தன் ஒரு எட்டு வைத்தார்; பரணில் நெற்றி மோதியது. இன்னொரு எட்டு வைத்தார். கோப்பை கவிழ்ந்து டீ சொட்டும் சத்தம் கேட்டது. பிறந்து வளர்ந்த வீடுதான். ஆனால் இந்த அறையை அவர் பசித்த நேரத்தில் எட்டிப் பார்த்ததோடு சரி. ஊரையே அளந்தவருக்குப் பத்தடி அறையில் திசை தெரியவில்லை.

“அண்ணி, எங்க இருக்கீங்க?”

“இங்கதான்பா,” என்றாள் அண்ணி. “நாலு வருஷம் இங்கதான் இருந்தேன்.”

பிறகு அவளே போய் ஜன்னலைத் திறந்தாள்.

கொழுந்தனின் சட்டையெல்லாம் டீ. நெற்றியைத் தடவிக்கொண்டே சுவரோரம் போனவர், சிவப்புக் குறியை உள்ளங்கையால் தேய்த்தார்.

“சார், நாளைக்கு லெட்டர்...” என்று இஞ்சினியர் இழுத்தாள்.

“தெரியும்மா.”

குறி அழியவில்லை, சுண்ணாம்பில் பரவியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து, மேடையில் தேங்கியிருந்த டீயில் நனைத்து மறுபடி தேய்த்தார். சிவப்பு சுவரில் அகலமாகிக்கொண்டே போனது. அவர் நிறுத்தவில்லை.