வலது கண்ணில் பதினொன்று

வலது கண்ணில் பதினொன்று, இடது கண்ணில் ஏழு. விளக்கை இன்னும் கீழே இறக்கி மூன்றாவது முறையும் எண்ணிப் பார்த்தேன். அதே பதினொன்று, அதே ஏழு. மற்ற இடமெல்லாம் மொட்டை. அங்கங்கே இப்போதுதான் தலைகாட்டும் குட்டி முடிகள் இருந்தன. அவற்றைத் தொடவே கூடாது.

படுக்கையில் கிடப்பது என் மகள். இருபது வயது. தன் இமை முடியைத் தானே பிடுங்கிக்கொள்கிறாள். நான் கவனிப்பதற்குள் பாதி போய்விட்டது. கவனித்துக் கத்திய பிறகு மீதியும் போய்விட்டது. கையுறை மாட்டிவிட்டேன், நகத்தை ஒட்ட வெட்டினேன், அடித்தேன், காலில்கூட விழுந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் அவள் அப்பாவிடம் போனில் அழுதால், "கண்டுக்காத, தானா சரியாயிடும்" என்கிறார். அவருக்கு எல்லாமே தானாகச் சரியாக வேண்டும்.

நாற்பது நாளாக அவள் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. நாளைக் காலை பத்து மணிக்குக் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு. போகாவிட்டால் ஒரு வருடம் வீண். "இமை இருந்தா போறேன். இல்லன்னா என்னை விட்டுடு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். தேர்வு ஒரு சாக்குதான். நாளைக்கு அவள் வெளியே காலெடுத்து வைக்கவில்லை என்றால் இனி எப்போதுமே வைக்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமை, கடைக்கு விடுமுறை. மாடி வீட்டிலிருந்து பின்பக்கப் படிக்கட்டு வழியாக அவளைக் கீழே கடைக்குக் கூட்டிவந்து, முன்கதவைத் தாழிட்டு, திரையை இழுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

செயற்கை இமை ஒட்டுவதுதான் என் தொழில். பதினான்கு வருடமாக இதே சாமான்கள், இதே முக்காலி. பல் வைத்தியரின் பிள்ளைக்குப் பல் இல்லை என்றால் ஊர் சிரிக்குமா சிரிக்காதா?

கதவைத் திறந்து யார் உள்ளே வந்தாலும் அரை நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிடும், இவளுக்கு எந்த வளைவு என்று. அலுவலகத்துக்குப் போகிறவள், ஒட்டியதே தெரியக் கூடாது என்றால் பி வளைவு. எல்லோருக்கும் பொருந்துவது சி. தெருமுனையில் வரும்போதே கண் தெரிய வேண்டும் என்பவளுக்கு டி. மேல்தோல் சரிந்து கண்ணை மூடினால் எல். சினிமா நடிகையின் படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்பார்கள். "அப்ப அந்தம்மாவோட கண்ணையும் கேட்டு வாங்கிட்டு வாங்க" என்பேன். மிங்க் என்றால் நிஜமாகவே ஏதோ பிராணியின் முடியா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. எல்லாம் பிளாஸ்டிக் இழைதான் தாயே, மிங்க் மெத்தென்று இருக்கும், சில்க் பளபளக்கும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துபோயிருக்கிறது.

அப்படிப்பட்ட நான் இன்று தட்டுகளுக்கு முன்னால் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நின்றேன்.

"தூங்கிட்டியாம்மா?" என்றாள் கண்ணை மூடியபடியே. கண்ணுக்குக் கீழே ஜெல் பட்டையை ஒட்டியிருந்தேன். இனி நான் சொல்லும்வரை திறக்கக் கூடாது.

"யோசிக்கிறேன்டி."

"மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டே நிமிஷத்துல எடுத்துடுவ."

"மத்தவங்களுக்கெல்லாம் முடி இருக்கு."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். போர்வைக்கு வெளியே இருந்த அவள் விரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

சில்க்கை எடுத்தேன், இருப்பதிலேயே மெல்லியது. எல் வளைவு, ஏனென்றால் அதன் அடிப்பாகம் தட்டையாக இருக்கும், நலிந்த முடியையும் நன்றாகப் பற்றிக்கொள்ளும். நீளம் எட்டு மில்லிமீட்டர். இடது கை ட்வீசரால் ஒரு சொந்த முடியைப் பிரித்துத் தனியே பிடித்து, வலது கை ட்வீசரால் செயற்கை முடியைப் பசையில் தொட்டு அதன்மேல் படுக்க வைக்க வேண்டும். தோலிலிருந்து ஒரு இம்மி தள்ளித்தான் ஒட்ட வேண்டும். முடிக்கு முடி, அதுதான் கணக்கு. பிடித்துக்கொள்ள முடி இல்லாத இடத்தில் நான் எவ்வளவு கைதேர்ந்தவளாக இருந்தால்தான் என்ன?

பதினெட்டையும் முடித்துவிட்டுப் பார்த்தேன். பல் உடைந்த சீப்பு மாதிரி இருந்தது. ஒட்டாமல் விட்டிருந்தாலாவது யாரும் உற்றுப் பார்க்கமாட்டார்கள். இப்போது மொட்டை இடங்கள் பளிச்சென்று தெரிந்தன.

"முடிஞ்சுதா? கண்ணாடி குடு."

"இரு, இன்னும் இருக்கு."

இங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. மிங்க் தட்டை இழுத்தேன். டி வளைவில், ஐந்தைந்து இழைகளை அடியில் சேர்த்து விசிறிபோல் விரித்து ஒரே முடியில் ஒட்டினால் கொஞ்சம் இடம் மறையும். நோஞ்சான் முடியின் தலையில் ஐந்து பேரின் பாரம். என்னிடம் தொழில் கற்க வரும் பெண்களுக்கு முதல் நாளே சொல்வேன், இதை மட்டும் செய்தால் கையை உடைப்பேன் என்று. நானே செய்தேன். முதல் விசிறி நின்றது. இரண்டாவதும் நின்றது. மூன்றாவதை வைத்துவிட்டு ட்வீசரை எடுத்தபோது, விசிறியோடு அவளுடைய முடியும் சேர்ந்து வந்துவிட்டது, நுனியில் வெள்ளையாக வேரோடு.

வலது கண்ணில் பத்து.

அவள் விட்டுவைத்ததை நான் பிடுங்கிவிட்டேன். பசை நெடியில் கண் கரிக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு முகத்தைத் துடைத்தேன்.

"வந்துடுச்சா?" என்றாள்.

"எது?"

"முடி. அதுக்கு ஒரு சத்தம் இருக்கும்மா. வெளில கேக்காது, எனக்கு மட்டும் உள்ள கேக்கும்."

அவள் குரலில் கோபமோ வருத்தமோ கொஞ்சம்கூட இல்லை. அதை நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்றரை. நாளைக் காலை பத்து மணி என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எப்படியாவது, எதையாவது ஒட்டி, இவளை அந்த வாசலைத் தாண்ட வைத்துவிட வேண்டும்.

தோலில் ஒட்டினால் என்ன?

நினைத்த மாத்திரத்தில் உடம்பு கூசியது. இந்தப் பசை தோலில் பட்டால் எரியும், வீங்கும், கண்ணுக்கே ஆபத்து. எந்தக் கடையாவது அப்படிச் செய்தது என்று கேள்விப்பட்டால் நான்தான் முதல் ஆளாக அவர்களைத் திட்டுவேன். ஆனால் ஒரு நாளைக்குத்தானே, நாளை மத்தியானம் எடுத்துவிடலாம், கண்ணின் ஓரத்தில் நாலே நாலுதானே என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடியது. ஒரே ஒரு சில்க் இழையை எடுத்து, நுனியில் துளிப் பசை தொட்டு, முடியே இல்லாத இடத்தில், தோலின்மேல் வைத்தேன்.

அவள் உடம்பு ஒரு முறை சிலிர்த்தது.

"எரியுதாடி? சொல்லு, எடுத்துடறேன்."

"எரியுது." மூச்சை மெல்ல விட்டாள். இத்தனை நேரம் முறுக்கிக்கொண்டிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. தோள் தளர்ந்தது. நாற்பது நாளாக அந்த முகத்தில் நான் பார்க்காத ஒரு நிம்மதி. "எடுக்காத. நல்லாருக்கு. மண்டைக்குள்ள எல்லாம் கப்புனு அடங்கிடுச்சு. இன்னொன்னு வைம்மா, அதே எடத்துல."

ட்வீசர் என் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

இவளுக்கு இமை போய்விட்டதே என்று நான் அழுதுகொண்டிருந்தேன். இவளுக்கு வேண்டியது அந்தச் சுரீரென்ற வலி மட்டும்தான். அதற்குக் கூலியாக இமையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அதை நானே என் கையால் ஊட்டிவிட்டேன். பெற்றவள் செய்கிற காரியமா இது?

ஒட்டியதைக் கரைக்கிற கிரீமை எடுத்து இரண்டு இமைகளிலும் தடவ ஆரம்பித்தேன்.

"என்ன பண்ற? எடுக்கறியா?" என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, எடுக்காத! நாளைக்கு எப்படிப் போவேன்?"

"கண்ணத் தெறக்காத. கிரீம் உள்ள போயிடும். கையை விடு."

"எடுத்தா நான் போகமாட்டேன்."

"போகாத."

"வருஷம் போயிடும்மா."

"போனா போகட்டும்டி!" என்று கத்தினேன். "வருஷமாவது மண்ணாவது."

மணிக்கட்டை விட்டுவிட்டாள். நான் மிங்க்கையும் சில்க்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, ஈரப் பஞ்சால் துடைத்தெடுத்தேன். தோலில் ஒட்டியதைக் கடைசியில் எடுத்தேன். அந்த இடம் கொசு கடித்ததுபோல் சிவந்திருந்தது. பட்டையை உரித்து, கண்ணைக் கழுவிவிட்டு, அவளை எழுப்பி உட்கார வைத்தேன். கண்ணாடி கேட்கவில்லை. காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் மொட்டைக் கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். நான் முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இனி என்ன செய்வது என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பதினான்கு வருடத்தில் கற்ற வித்தை எல்லாம் தீர்ந்துவிட்டது.

அப்போது வாசல் மணி அடித்தது.

"நான்தான், தையல்கடை! ரெண்டு மணிக்கு வரச் சொன்னீங்களே!"

மறந்தே போயிருந்தேன். பக்கத்துத் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அக்கா. உதிர்ந்ததை நிரப்ப மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அவர் கடைக்கும் விடுமுறையான ஞாயிற்றுக்கிழமையில் வருவார், சி வளைவு, பதினொரு மில்லிமீட்டர். நல்ல மனுஷிதான், ஆனால் அவர் காதில் ஒரு விஷயம் விழுந்தால் தண்டோரா போட வேறு ஆள் வேண்டாம். மூச்சுக் காட்டாமல் இருந்தால் போய்விடுவார் என்று நினைத்தேன்.

மகள் என்னைப் பார்த்தாள். ரகசியக் குரலில், பழகிப்போன விஷயம்போல் கேட்டாள்: "நான் பின்னாடி ஒளிஞ்சுக்கவாம்மா?"

எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. ஒளிந்துகொள்ள இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான்தானே.

"வேணாம்" என்றேன். "நீ உக்காந்திரு. அவங்களை உள்ள விடட்டுமா?"

உன் இஷ்டம் என்பதுபோல் தோளைக் குலுக்கினாள்.

தாழ்ப்பாளைத் திறந்தேன். அக்கா வழக்கம்போல் வெயிலைத் திட்டிக்கொண்டே உள்ளே வந்து, பாதிப் பேச்சில் நின்றுவிட்டார்.

"இது யாரு?"

"என் பொண்ணு."

"ஹாஸ்டல்ல இருக்கான்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்க்கா. எல்லார்கிட்டயும் அப்படித்தான் சொன்னேன். வீட்லதான் இருக்கா. தன் இமையத் தானே புடுங்கிக்கிறா. என்னால நிறுத்த முடியல. என்ன பண்றதுன்னு தெரியலக்கா."

அக்கா மெல்லப் பையைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா?"

"ஆறு மாசமா."

"டாக்டர்கிட்ட காட்டலயா?"

"இல்ல."

"ஏன்?"

ஆயிரம் காரணம் வைத்திருந்தேன். தானாகச் சரியாகிவிடும், வயசுக் கோளாறு, அவள் அப்பா வரட்டும். ஆனால் அன்றைக்குப் பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

"வெளில தெரிஞ்சா என் கடைக்கு யாருக்கா வருவாங்க?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. திரும்பினேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் காரணமாம்மா?"

"ஆமாடி" என்றேன்.

அவள் அழவில்லை. வலது கை மட்டும் தானாக மேலே எழுந்து கண்ணை நோக்கிப் போனது. நான் நகர்வதற்குள் அக்கா இரண்டே எட்டில் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் இழுக்கவில்லை, அவரிடம் விட்டுவிட்டாள். நான் போய் இடது கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். மறுபடியும் பிடித்தேன். மறுபடியும் உதறினாள். நான் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டேன்.