இரண்டாவது இறக்கம்

அக்கா மரிசெலாவின் கல்யாணத்தன்று மாலை டெல்ஃபினாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லாஸ் குரூசஸ் ஊர் மண்டபத்தில் மரியாச்சி இசைக்குழுவினர் எக்காளத்தை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவளோ மேசைக்கடியில் கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செயற்கைக்கோள் பதிவுகளில், சூரியனைப் போன்ற ஒரு விண்மீனின் ஒளி ஒரு விழுக்காடு இறங்கி, மறுபடி ஏறியதை முதலில் கண்டவள் அவள்தான். வியாழனைப் போல் பெரிய கோள் ஒன்று அதன் குறுக்கே போயிருக்க வேண்டும். ஆனால் ஒரே தடவை நடந்ததை யார் நம்புவார்கள்? கருவிக் கோளாறு என்றார்கள் மற்ற வானியலாளர்கள். கோளின் ஈர்ப்பில் விண்மீன் லேசாகத் தள்ளாடுவதை அளந்து, அடுத்த இறக்கம் எப்போது என்று கணக்குப் போட்டாள். அது இன்றைக்கு வந்து நின்றது. கேனரித் தீவுகளில் இரவு; அங்கே தொலைநோக்கியில் இருந்தான் அவள் கூட்டாளி ஔரேலியோ.

"இன்னும் ஒண்ணுமில்ல. வெளிச்சக் கோடு நேராத்தான் போகுது" என்று செய்தி அனுப்பினான்.

"சரியான நட்சத்திரத்தத்தான் பாக்குறியா?"

"இல்ல, நிலாவப் பாத்துட்டிருக்கேன். போய்ச் சாப்பிடு தாயே!"

தமாலே என்ற சோளமாவுப் பலகாரத்தைச் சுற்றியிருந்த மடலை உரித்தவள், தின்னாமல் வைத்துவிட்டாள். அவள் கணித்த நேரம் கடந்துபோனது. கணக்கே தப்போ? அதற்குள் மணப்பெண் பாவாடையைத் தூக்கிப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"ஏன்டி, இது என் கல்யாணமா, உன் கிரகத்தோட கல்யாணமா? போனக் குடு."

"அக்கா, பத்தே நிமிஷம்..."

"காலைலேர்ந்து இதையேதான் சொல்ற."

பிடுங்கி மார்க்கச்சையில் செருகிக்கொண்டு, தங்கையை ஆட இழுத்துப் போனாள். டெல்ஃபினா மாப்பிள்ளையின் காலை இருமுறை மிதித்தாள். பாதிப் பாட்டில் கைபேசி அதிர்ந்தது. மரிசெலா எடுத்துப் படித்தாள்.

"'இறங்குது'ன்னு போட்டிருக்கான். என்னடி, அவனுக்குக் காய்ச்சலா?"

டெல்ஃபினா போட்ட கூச்சலில் எக்காளம் நின்றுபோனது. கைபேசியைப் பறித்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

வண்டிகளுக்கிடையே நின்றபடி, ஔரேலியோ அனுப்பிக்கொண்டிருந்த வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் கோடு சரிவதைப் பார்த்தாள். ஒரு விழுக்காட்டில் வந்து தட்டையானது. அடுத்த செய்தி: "பனிமூட்டம். கூரைய மூடிட்டோம்."

"ஏறுறதப் பாக்கலையே!"

"இதுவே போதும் டெல்ஃபி."

மரிசெலா வெறுங்காலோடு, கேக் தட்டோடு வந்தாள். "கெடச்சுதா?"

"பாதிதான்."

"பாதிக்கா அந்தக் கத்து கத்துன?" என்று அவளைக் கட்டிக்கொண்டாள்.

அந்தப் பாதியே போதுமென்று அடுத்த வசந்தத்தில் ஆய்விதழும் ஒப்புக்கொண்டது, கோள் உறுதியானது. ஆனால் அன்று அது தெரியாத டெல்ஃபினா கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தின்னாமல், வண்டிகளைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.