இருபத்தொரு வரிகளுக்கும் மாற்று ஆள்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கற்பனையில் உதிக்கவில்லை. ஒரு வீட்டு ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு தாளிலிருந்து கிடைத்தது. யார் வீடு என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள். தாளை நாலு பிரிவாகக் கோடு போட்டுப் பிரித்திருந்தார்கள்: வேலை, எப்போது, யார், மாற்று ஆள். அவ்வளவுதான். ஆனால் அதைப் படித்ததிலிருந்து என்னால் வேறு எதையும் எழுத முடியவில்லை.

ஆரம்ப வாக்கியம் பிடிபடவே ஒரு ராத்திரி ஆயிற்று.

"ஆண்டின் முதல் ஞாயிறன்று அவள் தன் வாழ்க்கையையே சாப்பாட்டு மேசைமேல் விரித்து"

வேண்டாம். அலங்காரம் ஜாஸ்தி.

"அவளுக்கு இலக்குகள் இருந்தன, கூடவே ஒரு குடும்பமும்"

இது காப்பீட்டு விளம்பரம் மாதிரி இருக்கிறது.

"ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவள் மடிக்கணினியைத் திறந்தாள்." பரவாயில்லை, தள்ளாடிக்கொண்டாவது நிற்கிறது. இதை வைத்துக்கொண்டே நகர்வோம்.

2

அவள் ஆலோசகர். மருத்துவமனைகளில் மனிதர்கள் காத்துக்கிடக்கும் நேரத்தை எப்படிக் குறைப்பது என்று சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். புறநோயாளிகள் பகுதியில் ஒரு ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். ஒருவர் டோக்கன் வாங்கியதிலிருந்து மருந்துப் பையோடு வெளியேறும்வரை எத்தனை நிமிடம், அதில் எத்தனை நிமிடம் சுவரைப் பார்த்துக்கொண்டு வீண் என்று குறித்துக்கொள்வாள். பிறகு அங்கே வேலை செய்பவர்களிடம் போவாள். தலைமை மருத்துவரானாலும் சரி, டோக்கன் கிழித்துக் கொடுப்பவரானாலும் சரி, கேள்வி ஒன்றுதான்.

"நாளைக்கு நீங்க வரலைன்னா இந்த வேலையை யார் பாப்பாங்க?"

பதில் இருந்தால் மாற்று ஆள் என்ற கட்டத்தில் பேரை எழுதுவாள். இல்லாவிட்டால் சிவப்பு. பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் அந்தச் சிவப்பைப் பார்த்துப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விழிப்பார்களாம்.

(அவள் மனசுக்குள் நடப்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள். கதாசிரியன் என்றால் எல்லாம் தெரியும் என்று ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு அதை மதியுங்கள்.)

வருடா வருடம் முதல் ஞாயிறன்று அவள் தன் தொழில் இலக்குகளை எழுதி வீட்டார் முன்னால் வாசித்துக் காட்டுவது வழக்கம். வீட்டார் என்றால் இரண்டே பேர். கணவன், பத்து வயது மகள். மகளை எல்லோரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். போன வருடம் ஆறு இலக்கு, அதில் இரண்டு தேறியது. இந்த வருடம் ஒன்றே ஒன்று.

ஏழு கிளைகள் உள்ள ஒரு மருத்துவமனைக் குழுமம் அவளைக் கூப்பிட்டிருந்தது. ஒரு வருடம். வாரத்தில் நாலு நாள் வெளியூர். பதினோரு வருடமாக அவள் அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். அதை யாராவது செய்தார்களா, அலமாரியில் போட்டுப் பூட்டினார்களா என்று தெரியாது. இங்கே அவளே முன்னால் நின்று செய்து முடிக்கலாம். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

3

அவள் தயாராகத்தான் வந்திருந்தாள். வீட்டில் என்னென்ன ஆட்சேபணை வரும் என்று நாலைக் குறித்து, நாலுக்கும் பதில் எழுதி வைத்திருந்தாள். வாசித்து முடித்து நிமிர்ந்தாள்.

"உன் இஷ்டம்" என்றான் கணவன்.

"போயிட்டு வாம்மா" என்றாள் வாலு, தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

நாலு பதில்களும் அவள் கையிலேயே இருந்துவிட்டன.

அவள் ஒரு வெற்றுத் தாளை எடுத்துக் கோடு போட்டுக் கணவனிடம் நீட்டினாள். "வீட்டுக்கும் ஒண்ணு போட்டுடலாம். நான் செய்யறதையெல்லாம் வரிசையா எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் மாற்று ஆள் போடுங்க. மூணு கட்டத்துக்கு மேல காலியா இருந்தா நான் இந்த வேலையை எடுக்கலை."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். ஆஸ்பத்திரிக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயமா?"

4

இந்தக் கணவன் பாத்திரம் எனக்குச் சரியாகவே வரவில்லை. வீட்டிலிருந்தபடி பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்ப்பவன் என்று வைத்திருக்கிறேன். முதல் வரைவில் ரொம்ப நல்லவனாக இருந்தான். சட்டையைக்கூட மடித்து வைத்தான். அப்படி ஒருவனை நீங்கள் நம்ப மாட்டீர்கள். இரண்டாம் வரைவில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "குடும்பம்னா என்னன்னு தெரியுமா உனக்கு?" என்று கத்த வைத்தேன். அது அவன் குரலே இல்லை. மூன்றாம் வரைவில் "உன் இஷ்டம்" என்று மட்டும் சொல்ல வைத்தேன். அதுதான் இருப்பதிலேயே மோசம் என்று இப்போது தோன்றுகிறது. தைரியம் இல்லாதவன், பெருந்தன்மை மாதிரி காட்டிக்கொள்கிறான்.

வாலுவுக்கும் ஒரு வசனம் எழுதியிருந்தேன். "அம்மாவுக்கு மாற்று ஆள் அம்மாதான்" என்று. அடித்துவிட்டேன். எந்தக் குழந்தையும் அப்படிப் பேசாது. பேசினால் கதாசிரியன் பின்னால் நின்று கிள்ளுகிறான் என்று அர்த்தம்.

5

வாலு உண்மையில் பேசியது இதுதான். திங்கட்கிழமை சாயங்காலம், அப்பாவோடு உட்கார்ந்து தாளை நிரப்பும்போது:

"தலை பின்றதுக்கு அப்பான்னு போடாதேப்பா. நீ பின்னினா கோணலா வருது."

"கோணலா இருந்தாலும் பின்னல்தானே?"

"சரி, போட்டுக்கோ. நீச்சலுக்கு பக்கத்து வீட்டு அத்தையைப் போடு. அவங்க கார்ல ஏசி நல்லா இருக்கும்."

இப்படியே போயிற்று. காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போவது, அப்பா. பள்ளிக்கூடத்துக் கூட்டம், அப்பா. அறிவியல் செயல்திட்டத்துக்கு அட்டை வெட்டுவது, சித்தப்பா. இருபத்தொரு வரி. ஒரு கட்டமும் காலியில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் அதைக் கையில் வாங்கினாள். மேலிருந்து கீழே விரலை வைத்து ஒரு முறை பார்த்தாள். மறுபடி கீழிருந்து மேலே பார்த்தாள். எந்த மருத்துவமனையும் இப்படிப்பட்ட தாளை அவளிடம் கொடுத்ததில்லை.

"ஒண்ணுகூட காலியா இல்லையா?"

"காலியா விடக் கூடாதுன்னு நீதானே எல்லார்கிட்டயும் சொல்லுவே" என்றாள் வாலு.

"ஆமா. நல்லா போட்டிருக்கீங்க."

தாளை ஃபிரிட்ஜில் மாட்டிவிட்டுத் துணி உலர்த்தப் போனாள். ஒரே சாக்ஸை மூன்று தடவை உதறினாள். அழவில்லை. ஆனால் அவளுக்கு வலித்தது. தான் விட்டுவிட்டுப் போவதா வேண்டாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்க, வீடு அவள் இல்லாமல் ஓடுவதற்கு ஒரே சாயங்காலத்தில் தயாராகிவிட்டது.

6

முடிவுகள் கைவசம் உள்ளன.

அ. அவள் ஒப்புக்கொள்கிறாள். வருடக் கடைசியில் ஏழு கிளைகளிலும் காத்திருக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. மேடை, பூங்கொத்து, கண்ணாடிக் கேடயம். (வாலுவுக்குப் பின்னல் நேராக வந்ததா என்று யாரும் கேட்பதில்லை.)

ஆ. அவள் மறுத்துவிடுகிறாள். குடும்பமே கட்டிக்கொள்கிறது. மூன்றாம் மாதத்திலிருந்து சாப்பாட்டு மேசையில் எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிறார்கள்.

இ. வாரம் இரண்டு நாள் என்று பேசி முடிக்கிறாள். இது ஆலோசகர்கள் எழுதும் முடிவு. குழுமத்திடம் அதையும் கேட்டுப் பார்த்தாயிற்று, முடியாது என்று

7

இதற்கு மேல் நடிக்க முடியாது. அந்தக் கணவன் நான்தான். நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள், பெரிய மனசு பண்ணிச் சும்மா இருந்தீர்கள். இன்று வியாழக்கிழமை காலை. இந்தத் தாள்களை அவள் மடிக்கணினிமேல் வைக்கப்போகிறேன். ஆகவே இனி வாசகர் ஒருவர்தான். மற்றவர்கள் கொஞ்சம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

நான் எல்லாக் கட்டத்தையும் நிரப்பியது ஏன் என்றால், உன் வளர்ச்சிக்குக் குறுக்கே நின்றான் என்ற பேர் எனக்கு வந்துவிடக் கூடாது என்று பயந்தேன். உனக்காகச் செய்ததாக நினைத்துக்கொண்டேன். நீ சாக்ஸ் உதறியதை ஜன்னல் வழியாகப் பார்த்தபோதுதான் புரிந்தது, என் பேருக்காகச் செய்திருக்கிறேன்.

நீ வராவிட்டால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டாய், எழுதிக் கொடுத்தேன். நீ வராவிட்டால் எங்களுக்கு எப்படி இருக்கும் என்று நீ கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குக் கஷ்டமாக இருக்கும். நிறைய. வாரத்தில் நாலு நாளும் இருக்கும். நீ அந்த ஏழு இடத்துக்கும் போய் ஒரு கை பார்க்க வேண்டும் என்றும் எனக்கு ஆசையாக இருக்கிறது. இரண்டும் நிஜம்.

முடிவை நான் எழுதப்போவதில்லை, அது உன்னுடையது. ஆனால் நாளைக்குப் பதில் அனுப்புவதற்கு முன்னால் கொஞ்சம் வா. நாம் இன்னும் சண்டையே போடவில்லை.