இருமல் இல்லாத பதினைந்து நிமிடம்

என் கணவர் வானொலியில் முப்பத்தொரு வருடம் செய்தி வாசித்தவர். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயர் வெண்கலம். அந்தக் குரல் இருந்த நெஞ்சில்தான் இப்போது புற்றுநோய். வலியைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார், இந்தப் பாழாய்ப்போன இருமல்தான் ஆளை விடமாட்டேன் என்கிறது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் “தண்” என்பதோடு நின்றுவிடும். மீதியை நான்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

டாக்டரிடம் மூன்று முறை போனோம். மூன்று முறையும் ஒரே கூத்து. வெளியே உயிர் போகிற மாதிரி இருமுவார். உள்ளே நுழைந்ததும் காலரைச் சரிசெய்துகொண்டு, மேசை விளிம்பில் ஆள்காட்டி விரலை அழுத்தி வைத்துக்கொள்வார். வானொலி நிலையத்தில் அந்த இடத்தில் ஒரு பொத்தான் இருக்கும். இருமல் வந்தால் அதை அழுத்த வேண்டும், மைக் அடங்கிவிடும், ஊருக்குக் கேட்காது. செய்தி பதினைந்து நிமிடம். டாக்டர் பார்ப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதுவரை எப்படியோ அடக்கிவிடுவார். வாசலைத் தாண்டியதும் வட்டியும் முதலுமாக வரும்.

“இருமல் எப்படி சார் இருக்கு?”

“பரவாயில்ல டாக்டர். எப்பவாவது.”

அந்தச் சின்ன வயது டாக்டரம்மாவும் நம்பி, வெந்நீரில் தேன் கலந்து குடிக்கச் சொல்லி, பழைய சிரப்பையே எழுதித் தருவார்.

நான்காவது முறை என் பொறுமை போய்விட்டது.

“பொய் டாக்டர். எல்லாம் பொய்.”

“ஏய், சும்மா இரு.”

“இருமி இருமி விலாவெல்லாம் வலி, ஒருக்களிச்சுப் படுக்க முடியல. இருமும்போது ஒண்ணுக்குப் போயிடுது. ஒரு நாளைக்கு அஞ்சு தடவை துணி மாத்தறேன். இவரு இங்க வந்து நியூஸ் வாசிக்கறாரு, நீங்களும் கேட்டுட்டு அனுப்பிடறீங்க!”

அவர் முகம் செத்துப்போனது. அடக்கியதெல்லாம் அப்போதே பீறிட்டு வந்தது. பேன்ட் நனைந்தது. டாக்டர் எழுந்து வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பார்க்கத் தாங்கவில்லை. ஆனாலும் டாக்டர் பார்க்கட்டும் என்றுதான் இருந்தது.

“முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்” என்றபடி மார்ஃபின் சிரப் எழுதினார்.

“அது கடைசில குடுக்கறதுதானே டாக்டர்?”

“இல்லம்மா. கொஞ்சமா, இருமலுக்கும் குடுப்போம். மலச்சிக்கல் வரும், அதுக்கும் எழுதறேன். நோய் போகாது. இருமல் அடங்கும்.”

வீடு வரும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. மூன்று நாளும் நான் கொடுத்த மருந்தைக் குடித்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான்காம் நாள் காலை நான் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தபோது வாயைத் திறந்தார்.

“அந்தப் பொண்ணு முன்னாடி என்னை அம்மணமா நிக்க வெச்சுட்ட. நான் இருமி இந்த ஊர்ல ஒருத்தன் கேட்டதில்ல. செத்தாலும் உன்னை மன்னிக்கமாட்டேன்.”

முழுசாகச் சொன்னார். நடுவில் ஒரு இருமல்கூட இல்லை. உறையை அப்படியே போட்டுவிட்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

“இன்னும் திட்டுங்க” என்றேன்.